மூன்றாவது தடவை கூப்பிடாதவன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வயதானதில் அது குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலும் கோபம்தான் வருகிறது. அந்த நாட்களில் இன்னும் மோசம். ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி, அவர் அதைத் திருப்பிச் சொல்லாமல் சும்மா தலையை ஆட்டினால் போதும், எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சிக்னல் வேலை பார்த்த பழக்கம். அங்கே சொன்னது சொன்னபடி திரும்பி வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். அந்தப் பிடிவாதத்தால் ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற ரோட்டில், குந்தாரப்பள்ளிக்கு மூன்று மைல் தள்ளி, உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒரு கிளைப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழியில் இரண்டு கரடுகள், சின்னப் பாறைக் குன்றுகள், ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் வண்டி போகிற அளவுக்குப் பாறையை உடைக்க வேண்டும். துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்து வெடிக்கிற வேலை. அதை எடுத்திருந்த காண்ட்ராக்டரிடம் நான் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே கல்லை உடைப்பதைவிடப் பேச்சைப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. துளை போடுகிறவர்கள் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். கல் சுமக்கிறவர்கள் சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசுவார்கள். ஒரு நாள் 'நாளைக்கு மருந்து வராது' என்று மேஸ்திரி சொன்னார். மறுநாள் ஒரு கூட்டம் வரவே இல்லை. ஒரு கூட்டம் வந்து மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டது. மூன்றாவது கூட்டம், வேறு இடத்தில் தோண்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று யாரோ ஒருவருடைய அவரைத் தோட்டத்தைப் பாதி தோண்டிவிட்டது. இன்ஜினீயர் தலையில் அடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அமைதியான மனிதர். "பட்டாளத்துல இதுதானே உங்க வேலை? இனிமே இங்க எந்தத் தகவலும் உங்க வழியாத்தான் போகணும்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று ராத்திரியே பெரிய காகிதத்தில் கோடு போட்டு ஒரு திட்டம் எழுதினேன். யாருக்குச் சொல்ல வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எப்போது, எந்த பாஷையில், எந்த வழியாக, யார் சொல்வது, பதில் வந்ததா. பதில் வந்தால் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக். அதைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். இன்ஜினீயர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாரத்தில் வேலை ஒழுங்குக்கு வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். எவருடைய அவரைத் தோட்டமும் அதற்குப் பிறகு பாழாகவில்லை.

திட்டத்தில் சிக்கலான இடம் ஒன்றே ஒன்று. கரட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இருந்த பக்கத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒரு சரிவு, சரிவில் குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை, அதை ஒட்டி ஊர்ப்பக்கம் போகிற ஒற்றையடிப் பாதை. அதற்கும் அப்பால், எதிரே, ஒரு புல்கூட முளைக்காத பெரிய மொட்டைப் பாறை. வேட்டு வைக்கும்போது அந்தப் பாதையில் யாரும் வந்துவிடக் கூடாது. விசில் அந்தப் பக்கம் கேட்கவில்லை. அதனால் தகரத்தில் முழ நீளத்துக்கு ஒரு குழல் செய்யச் சொன்னேன். இந்தப் பக்கம் ஒரு மேட்டில் ஏறி, குழலை வாயில் வைத்து நான் சத்தம் போட வேண்டும். அந்தப் பக்கம் சிவப்புக் கொடியோடு நிற்கிறவர் நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இங்கே திரியில் நெருப்பு.

கொடிக்காரராக உள்ளூரிலிருந்து ஒருவரை எடுத்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். சரிவுக்குக் கீழேதான் அவர் வீடு. அவரும் பெண்டாட்டியும் மட்டும். அதிகம் பேசாதவர். எல்லோரையும் உட்காரவைத்து நான் விதிகளை விளக்கிய அன்று அவர் ஒருவர்தான் எழுந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லணுங்க. ஆள் தெரியாத குரலு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எங்க பக்கம் ஒடனே வாயத் தொறக்கறதில்லீங்க. காத்தும் கூப்பிடும். அது ரெண்டு தடவைதான் கூப்பிடும், மூணாவது அதால முடியாது. மூணாவது தடவை கூப்பிட்டா மனுசன்னு தெரிஞ்சுக்குவோம். அப்பறந்தான் பதில் குடுக்கறது."

காற்று, கருப்பு என்று ஊரில் சொல்வதை எல்லோரும்போல நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் என் விதியில் ஒருவர் திருத்தம் சொல்வதா? "உங்க ஊரு காத்து ரெண்டு வரைக்குந்தான் எண்ணப் படிச்சிருக்கா? மூணாங் கிளாசுக்கு அனுப்பலையா?" என்றேன். கொட்டகையே சிரித்தது. கன்னடக்காரர்களுக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் ஒரு நிமிஷம் கழித்துச் சிரித்தார்கள். "எனக்கு மூணு தடவையெல்லாம் தொண்டையைக் கிழிச்சுக்க முடியாது. ஒரே தடவை. பதில் வரணும். புரிஞ்சுதா?"

"சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த 'சரிங்க'வையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிக் போட்டேன்.

முதல் நாள் சோதனைக்கு இன்ஜினீயரும் என்னோடு மேட்டுக்கு வந்தார். மதியம் பன்னிரண்டு மணி. கொடிக்காரர் பேரைச் சொல்லி, "ஆள் ஒதுக்கு!" என்று குழலில் கத்தினேன். தகரத்துக்குள் போய் வெளியே வந்த குரல் எனக்கே என்னுடையதாக இல்லை. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, தெளிவாக, "...ஆள் ஒதுக்கு."

"பேஷ்" என்றார் இன்ஜினீயர்.

சாயங்காலம் கொடிக்காரர் வந்தபோது, "கேட்டுதா?" என்றேன். "கேட்டுதுங்க" என்றார். கேட்டதா என்று மட்டும்தான் நான் கேட்டேன். நீ பதில் சொன்னாயா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பதில்தான் என் காதில் விழுந்துவிட்டதே.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது நாட்கள். தினமும் மதியம் மேட்டில் ஏறுவேன், கத்துவேன், பதில் வரும், திரி பற்றும். ஒரு நாள்கூட அந்தப் பதில் தவறியதில்லை, தாமதமானதும் இல்லை. அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் பட்டாளத்துக்கு லாயக்கு என்று மேஸ்திரியிடமே சொல்லியிருக்கிறேன். கேலி செய்து திருத்தினேன் பாருங்கள் என்ற பெருமை வேறு.

நடுவில் எனக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. கரகரவென்று கத்தினேன். பதிலும் கரகரவென்று வந்தது. பாவம், அவருக்கும் சளி போலிருக்கிறது, பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டேன். கத்தி முடித்ததும் இருமினேன். அந்தப் பக்கமும் இருமல் கேட்டது. குழலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்தேன். வெயிலில் பாறை பளபளத்தது. ஒரு காக்கைகூட இல்லை. முதுகில் என்னவோ ஊர்ந்தது. சட்டையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ரோட்டோரம் ஒரு அம்மா டீக்கடை வைத்திருந்தார். ஒரு நாள் டம்ளரை நீட்டிக்கொண்டே, "மத்தியான நேரத்துல மேட்டு மேல ஏறி நின்னு யாரோட பேசறீங்க சார்?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கத்து ஆளோட."

"எங்களுக்கு உங்க ஒருத்தர் குரலுதான் கேக்குது" என்று முனகிவிட்டு உள்ளே போனார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சொன்னேனே, கோபம் சீக்கிரம் வரும்.

ஒரு சாயங்காலம் இன்ஜினீயர் அவசரமாக வந்தார். மறுநாள் மேலிடத்திலிருந்து பார்க்க வருகிறார்களாம். மதியத்துக்குள் கல்லை அப்புறப்படுத்தி வழி தெரிய வேண்டும். அதனால் வேட்டு பன்னிரண்டு மணிக்கு இல்லை, பத்து மணிக்கு. எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்றார்.

சுவரில் இருந்த வரிசைப்படி போனேன். துளை போடுகிறவர்கள், டிக். கல் சுமக்கிறவர்கள், டிக். மருந்துக் கொட்டகைக் காவல், டிக். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, நேரத்தைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்தேன். மிச்சம் கொடிக்காரர். அவரிடம் போக வேண்டுமானால் கரட்டைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். காலையிலிருந்து நின்றதில் கால் கடுத்தது. உண்மையைச் சொன்னால் கால்வலிகூட அவ்வளவு இல்லை, சோம்பல். குழல் எதற்கு இருக்கிறது என்று மேட்டில் ஏறினேன்.

அவர் பேரைச் சொல்லி, "நாளைக்குப் பத்து மணி!" என்று கத்தினேன்.

"...பத்து மணி" என்று வந்தது.

கடைசி டிக்கையும் போட்டேன்.

மறுநாள் குந்தாரப்பள்ளிச் சந்தை. காலையிலிருந்து ரோட்டில் மாடும் வண்டியுமாகப் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இந்தப் பக்கத்து ஆட்களெல்லாம் ஒதுங்கியாயிற்று. மேட்டில் ஏறிக் கூப்பிட்டேன். "...ஆள் ஒதுக்கு" என்று பதில் வந்தது. திரிக்காரருக்குக் கையைக் காட்டினேன். அவர் திரிகளைப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்தார். அவருடைய திரி எரிந்து முடிய, ஒரு பீடியைப் பற்றவைத்து நிதானமாகக் குடித்து முடிக்கிற நேரம் ஆகும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தை நான் பிறகு எத்தனையோ முறை அளந்து பார்த்திருக்கிறேன்.

மேட்டிலிருந்து இறங்கித் திரும்பினேன். ரோட்டிலிருந்து பிரிகிற பாதையில், சந்தைப் பக்கத்திலிருந்து, ஒரு சிவலைக் காளையைப் பிடித்துக்கொண்டு கொடிக்காரர் வந்துகொண்டிருந்தார்.

புதுக் காளை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் காளையின் முதுகைத் தட்டி, "நல்லா அமைஞ்சுதுங்க சார்" என்றார்.

"நீ அங்க இல்லையா?"

"உச்சி வேளைக்குத்தானே வேட்டு? அதுக்குள்ள போயிடுவேனுங்க. விடியக் காலமே சந்தைக்குப் போயிட்டேன்."

"இப்ப அங்கேர்ந்து பதில் வந்துதே. யாரு சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. "நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்லீங்களே" என்றார். "நீங்க மூணாவது தடவை கூப்பிட்டதே இல்லீங்களே, சார்."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது நாட்கள் நான் யாருடன் பேசிக்கொண்டிருந்தேன்? அந்த மொட்டைப் பாறையோடு. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நான் விதி போட்டேன். உலகத்தில் அந்த விதியைத் துளிகூடப் பிசகாமல் செய்யக்கூடியது பாறை ஒன்றுதான். அவர் என் குரலைக் காத்து என்றே முடிவு செய்து, வாயைத் திறக்காமல், சூரியனைப் பார்த்து நேரம் கணக்கிட்டு, தினமும் உச்சி வேளையில் தானாகவே பாதையை மறித்திருக்கிறார். முந்தின நாள் நான் கத்திய 'பத்து மணி'யையும் காத்து என்றே தள்ளியிருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? மறுபடி கொட்டகையே சிரிக்கவா?

இதெல்லாம் பிறகு நிதானமாக யோசித்தது. அந்த நேரத்தில் அவர் முகம் மாறியதுதான் தெரிந்தது. "சார், திரி வச்சாச்சா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"அவ அங்க இருக்கா சார். குடைப்பாறைகிட்ட. புல்லு அறுக்கப் போனா."

காளையின் கயிற்றை விட்டுவிட்டுக் கரட்டைப் பார்த்து ஓடினார். நான் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். திரிக்காரரும் வந்து பிடித்தார். எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டே நாலடி போனார். "ராவத்து, ராவத்து" என்று தெலுங்கில் அலறினார். வராதே, வராதே. வெறும் தொண்டையில் போட்ட அந்தச் சத்தம் கரட்டைத் தாண்டவில்லை.

அவரைத் திரிக்காரரிடம் விட்டுவிட்டு மேட்டில் ஏறினேன். "பேரு! உன் பெண்டாட்டி பேரு!" அவர் சொன்னார். குழலில் அந்தப் பேரைக் கத்தினேன். "ஓடு!" என்றேன்.

கத்திவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பதிலுக்குக் காத்திருந்தேன். பட்டாளத்தில் ஐந்து வருஷப் பழக்கம், காது தானாகவே தீட்டிக்கொண்டு நின்றது. "...ஓடு" என்று பாறை சொன்னது.

மறுபடி கத்தினேன். மறுபடி காத்திருந்தேன். "...ஓடு."

கீழேயிருந்து அவர் கெஞ்சினார். "மூணாவது கூப்பிடுங்க சார். மூணாவதுக்குத்தான் அவ வருவா. கூப்பிடுங்க சாமி."

குழலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோய் மூச்சை இழுத்தேன். மூச்சு நெஞ்சுக்குள் நின்றது. வேட்டு வெடித்தது.

ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து. கரட்டின் மேல் புகை எழுந்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. கல் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. சிவலைக் காளை எங்கேயோ ஓடிப்போயிருந்தது.

சுற்றிக்கொண்டு ஓடினோம். கால் மணி நேர வழி என்று முந்தின நாள் நான் சோம்பல்பட்ட வழி அதுதான். சரிவு முழுவதும் கல். பாதையின் நடுவில் புல்லுக்கட்டு நசுங்கிக் கிடந்தது, பக்கத்தில் அரிவாள். கொடிக்காரர் கூப்பிடவே இல்லை. சத்தமே இல்லாமல் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். தூசி அடங்க அடங்க, குடைப்பாறைக்குக் கீழே, உள்ளே ஒடுங்கி, வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

அவள்தான். தலை முதல் கால் வரை தூசி. முழங்காலை மடக்கிச் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண் திறந்திருந்தது. இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். காது இரண்டும் திறந்து கிடந்தன. ஒரு காதிலிருந்து நூல் மாதிரி ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

புருஷன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தடவை. அவள் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் இன்ஜினீயர் கொட்டகைச் சுவருக்கு முன்னால் நின்றார். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. காகிதத்தில் ஒரு தப்பு இல்லை. "பாறைக்கு டிக் போட்டிருக்கேன் சார்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "அந்த அம்மா பேரு இதுல எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இல்லை. அவள் நம்முடைய வேலைக்காரி இல்லையே. தினமும் அந்தப் பாறையடியில் புல் அறுக்க வருகிறவள் என்பது புருஷனுக்குத் தெரியும், சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். நான் யாரையும் கேட்டதில்லை.

காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். சரிவில் புழங்குகிற ஒவ்வொருவரையும் விசாரித்துச் சேர்த்தேன். வேட்டுக்கு முன்னால் நானே நடந்து போய் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்தேன். குழலில் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிட்டேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் விதியை எடுத்துவிட்டேன். "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்பேன். களி என்றோ, பழைய சோறு என்றோ வர வேண்டும். பாறைக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் வேறு ஒருவரை வைத்தோம். கொடிக்காரர் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

ஒரு முறை அவரை வழியில் பார்த்தபோது, எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். அந்தப் பதில் பாறையிலிருந்து வந்த எதிரொலிதான், இல்லையா?

"உங்களுக்கு எதிர்ப் பாறையிலேர்ந்து வந்திருக்கும் சார்" என்றார். "எனக்குப் பக்கத்துலேர்ந்துதான் கேக்கும். குடைப்பாறைக்கு உள்ளேர்ந்து. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததில்லீங்க."



அடுத்த வருஷம் பாதை முடிந்தது. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள், அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே நடந்தேன். அந்தக் குரல் என்னுடையது, காத்து இல்லை, உன்னை ஓடச் சொல்லித்தான் கூப்பிட்டேன், அதை அவளிடம் எப்படியாவது புரியவைத்துவிட வேண்டும். நாற்பது நாட்கள் பாறையிடம் செய்தி சொன்னவனுக்கு ஒரே ஒரு செய்தியை ஒரு மனுஷியிடம் சேர்க்க வேண்டியிருந்தது.

வாசலில் சிவலைக் காளை கட்டியிருந்தது. அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், "வாங்க சார்!" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை என்று தெரிந்தது.

"காத்து என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுச்சு சார். தகரத்துல பேசற மாதிரி. ஒரு தடவை கூப்பிட்டுச்சு, நான் புல்லைப் போட்டுட்டுப் பாறைக்குள்ள பூந்துட்டேன். ரெண்டாவது கூப்பிட்டுச்சு, வாயப் பொத்திக்கிட்டேன். மூணாவது வரல. வந்திருந்தா மனுசன்னு நெனச்சு எழுந்து வெளியே வந்திருப்பேன். அந்தக் கல்லெல்லாம் எம் மேல விழுந்திருக்கும். வாயத் தொறக்காததால பொழச்சேன்."

நான் கொடிக்காரரைப் பார்த்தேன். அவர் காளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவளிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? காதை இழந்தவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஜெயம் ஒன்றுதான். அதையும் பிடுங்கவா நான் வந்தேன்? சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். அப்போதும் அது உரக்கத்தான் இருந்தது. "வேற ஒரு சத்தமும் கேக்கறதில்ல சார். கோழி கூவறது தெரியல, இவரு கூப்பிடறது தெரியல. அது கூப்பிடறது மட்டும் கேக்குது. ரெண்டு தடவை. எப்பவும் ரெண்டுதான்." சிரித்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

விடை சொல்லிவிட்டுக் களத்துமேடு வரை நடந்தேன். அங்கே நின்று திரும்பினேன். அவள் முதுகு தெரிந்தது. முறம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்ன நினைத்துச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று நெஞ்சுக்குள் நின்றுபோன மூச்சை இழுத்து, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை.

கொடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திரும்பவில்லை. ஆனால் முறம் நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினாள்.

இன்னும் ஒரு தடவை கூப்பிடலாம் என்று நினைத்தேன். எனக்குக் குரல் எழும்பவில்லை.